இரண்டு நாய்கள் கடித்துக் கொண்டால்... நடுவில் கையை விடாதீர்கள்!

நாய்க்கடி என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது நாய் மனிதனைக் கடிப்பதுதான். நாய் இன்னொரு நாயைக் கடிப்பதை நாம் ஒரு பொருட்டாகவே எடுத்துக் கொள்வதில்லை. ‘நாய்ன்னா அப்படித்தான். கொஞ்ச நேரம் கடிச்சுக்கும், அப்புறம் சரியாப் போயிடும்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஆனால் காலம் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் வாசல் திண்ணையில் படுத்திருந்தது நம்ம ஊர் நாய். மிஞ்சிப் போனால் ஜமீன்தார் வீட்டில் ஒரு ராஜபாளையம், வேட்டைக்குப் போகிறவர் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை. இன்றைக்கு இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் லாப்ரடாரும், அல்சேஷனும், ராட்வைலரும் வளர்கின்றன. பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு முழம் உயரத்தில் பொமரேனியன். இரண்டும் காலை ஆறு மணிக்கு ஒரே லிப்டில் இறங்கி, ஒரே சந்தில் வாக்கிங் போகின்றன. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் தெரு நாய்கள் வேறு. உரசல் வராமல் இருக்குமா?

‘சித்த வைத்தியருக்கும் நாய்ச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சண்டை நடந்ததும் நம் மக்கள் முதலில் தேடுவது கால்நடை டாக்டரை அல்ல. ‘ஏதாவது பச்சிலை, பத்து, எண்ணெய் குடுங்க’ என்று எங்களிடம்தான் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களின் கையைப் பார்த்தால், பல பேருக்கு விரலிலோ மணிக்கட்டிலோ கடித் தடம் இருக்கும். கடித்துக் கொண்டது நாய்கள். கடிபட்டது பிரித்து விடப் போன மனிதர்! ஆகவே இது நாய் வளர்ப்போர் சமாசாரம் மட்டுமல்ல, குடும்ப ஆரோக்கிய சமாசாரமும்கூட.

ஏன் கடித்துக் கொள்கின்றன?

‘எங்க நாய்க்குத் திமிர்’ என்று சொல்வார்கள். திமிர் இல்லை, பெரும்பாலும் பயம்தான் காரணம். குட்டியாக இருக்கும்போது, அதாவது பிறந்த 3-வது வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைக்கும், நாய்க்கு உலகத்தைப் பழகும் பருவம். அந்த நேரத்தில் மற்ற நாய்களையும் புது மனிதர்களையும் பார்த்து வளர்ந்த குட்டி, பெரிதானதும் எதிரே ஒரு நாய் வந்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நான்கு சுவருக்குள்ளேயே பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட குட்டியோ, வளர்ந்ததும் எந்த நாயைப் பார்த்தாலும் மிரளும். மிரண்ட நாய் ஓட வழியிருந்தால் ஓடும். சங்கிலி கட்டியிருந்தால் எப்படி ஓடும்? பாய்ந்துவிடும். அவிழ்த்து விட்டால் சாதுவாக இருக்கும் சில நாய்கள் சங்கிலியில் வரும்போது மட்டும் சீறுவதன் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் எல்லை. தன் வீட்டு வாசல், தன் தெரு முனை, தன் எஜமானர் இவையெல்லாம் அதற்குச் சொந்தம். மூன்றாவது, சாப்பாடு. ஒரே வீட்டில் ஒன்றாக வளரும் இரண்டு நாய்கள்கூட ஒரு எலும்புத் துண்டுக்காகக் குதறிக் கொள்ளும். நான்காவது, பெண் நாய் பருவத்துக்கு வரும் காலம். அந்த நாட்களில் ஆண் நாய்களுக்குள் நடக்கும் சண்டையைத் தெருவில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. நேற்று வரை சாதுவாக இருந்த நாய் இன்று திடீரென்று சீறினால், அதற்கு எங்கேயோ வலிக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். காதில் சீழ், சொத்தைப் பல், வயதான நாய்க்கு மூட்டு வலி... நமக்குத் தலைவலி வந்தால் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவதில்லையா? அதேதான். அடிப்பதற்கு முன் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். காரணமில்லாமல் குணம் மாறுவது வெறிநோயின் ஆரம்பமாகவும் இருக்கக்கூடும் என்பதால், அந்த நாயைத் தனியாக வைத்து எச்சரிக்கையாகவே கையாள வேண்டும்.

நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய் மூர்க்கமாவதில் ஆச்சரியமே இல்லை. 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே, எப்போதும் கட்டி வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் இருப்பது குற்றம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சண்டைக்கு முன்னால் சொல்லிவிடும்!

நாய் பெரும்பாலும் சொல்லாமல் கடிப்பதில்லை. நமக்குத்தான் அதன் பாஷை புரிவதில்லை. உடம்பு கட்டை மாதிரி விறைத்து நிற்கும். கண் கொட்டாமல் எதிரே இருக்கும் நாயையே முறைக்கும். கழுத்திலிருந்து முதுகு வரை ரோமம் சிலிர்க்கும். வாய் மூடிக் கொள்ளும் அல்லது உதடு சுருங்கிப் பல் தெரியும். அடித் தொண்டையில் உறுமல் கேட்கும்.

‘வாலை ஆட்டிச்சே டாக்டர், அப்புறம் ஏன் கடிச்சுது?’ என்று கேட்கிறார்கள். வாலை ஆட்டுவதெல்லாம் சிநேகம் இல்லை. உடம்பு முழுவதும் குழைந்து, இடுப்போடு சேர்த்து ஆட்டினால் சிநேகம். உடம்பு விறைப்பாக இருக்க, வால் மட்டும் மேலே தூக்கி விறுவிறுவென்று ஆடினால், அது ‘கிட்டே வராதே’ என்ற எச்சரிக்கை.

இந்த அறிகுறிகளைப் பார்த்த அந்த நிமிஷமே திரும்பிவிடுங்கள். எதிர்ப்பக்கம் போங்கள், நிறுத்தியிருக்கும் கார் மறைவுக்குப் போங்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாமல் செய்துவிட்டாலே பாதி சண்டை தீர்ந்தது. ‘ஒண்ணும் பண்ணாது, பழகட்டும்’ என்று இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது வேண்டவே வேண்டாம்.

சண்டை மூண்டுவிட்டால்...

இங்கேதான் கடி வாங்குகிறோம். சண்டை வெறியில் இருக்கும் நாய்க்கு எஜமானர் கை எது, எதிரி நாயின் கழுத்து எது என்று தெரியாது. ஐந்து வருஷம் ஊட்டி வளர்த்த நாயே உங்களைக் கடிக்கும். அதைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

1. இரண்டு நாய்க்கும் நடுவே கையையோ காலையோ விடாதீர்கள். கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் போகாதீர்கள். கடி விழும் இடமே அதுதான்.

2. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். குழாய் இருந்தால் பீய்ச்சி அடியுங்கள்.

3. தட்டு, தகர மூடி எதையாவது தட்டிப் பெரிய சத்தம் எழுப்புங்கள். ஆனால் கூச்சல் போட்டு அழுதால் நாய்களுக்கு வெறி கூடும்.

4. பலகை, நாற்காலி, விரித்த குடை, கனமான போர்வை இவற்றில் எது கிடைத்தாலும் இரண்டுக்கும் நடுவில் நுழையுங்கள்.

5. இரண்டு பெரியவர்கள் இருந்து, நாய்கள் பழகிய நாய்களாகவும் இருந்தால், வேறு வழியே இல்லாதபோது மட்டும், ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கி மெதுவாகப் பின்பக்கம் நகர்த்தலாம். ஒரு நாய் கவ்விப் பிடித்திருக்கும்போது இழுக்கக் கூடாது. இழுத்தால் சதை கிழிந்துவிடும்.

6. கட்டையால் அடிக்க வேண்டாம். வலி கூடக் கூடப் பிடியும் இறுகும், அல்லது உங்கள் பக்கம் திரும்பும்.

7. சின்ன நாயைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டு நிற்காதீர்கள். பெரிய நாய் உங்கள் மேல் தாவும். கீழே விழுந்தீர்களானால் கடி உங்களுக்குத்தான்.

8. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். நாயை வாக்கிங் அழைத்துப் போகும் வேலையைப் பத்து வயதுப் பையனிடம் கொடுப்பதும் தப்பு.

வீட்டு நாய்தானே!

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் வந்தார். கையில் ஒரு கூடை. கூடைக்குள் துண்டில் சுற்றிய பொமரேனியன். மாடி வீட்டு லாப்ரடார் படிக்கட்டில் வைத்துக் கவ்வி உதறிவிட்டதாம். முதுகில் இரண்டே இரண்டு சின்ன ஓட்டை. அதன் மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது.

“காயத்துக்கு ஏதாவது எண்ணெய் குடுங்க டாக்டர். ராத்திரி பூரா முனகிக்கிட்டே இருக்கு” என்றார். நான் பார்த்தது நாயை அல்ல, அவர் வலது கைக் கட்டை விரலை. பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது.

“இது என்னம்மா?”

“அதை விடுங்க. பிரிச்சு விடும்போது லேசாப் பட்டுது. தெரு நாயா என்ன, வீட்டு நாய்தானே? ஊசியெல்லாம் போட்டிருக்கோம்னு மாடி வீட்டம்மா சொன்னாங்க.”

துணியை அவிழ்த்துப் பார்த்தேன். பல் பதிந்து ரத்தம் வந்திருந்தது. உடனே சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவ வைத்தேன். “அம்மா, மாடி வீட்டுல தடுப்பூசி கார்டை வாங்கிப் பாருங்க. ஆனா அதுக்காகக் காத்திருக்காதீங்க. நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாய்க்குட்டியை உங்க வீட்டுக்காரர் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டும்” என்றேன். அவருக்கு என் மேல் வருத்தம்தான். சித்த வைத்தியரைத் தேடி வந்தால் ஊசிக்கு அனுப்புகிறாரே என்று.

கார்டைப் பார்த்தால் கடைசி ஊசி போட்டு இரண்டு வருஷம் தாண்டியிருந்தது! அந்த அம்மா ஊசியை முடித்தார். லாப்ரடாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘அப்போ ஊசி வீண்தானே டாக்டர்?’ என்று பிறகு கேட்டார். வீண் இல்லை. முழுதாகப் போட்டுக் கொண்டவருக்கு மறுபடி கடி பட்டால், முதல் நாளும் மூன்றாம் நாளுமாக இரண்டு ஊசி போதும். ஆனால் அந்தக் கணக்கு லாபத்துக்காகச் சொல்லவில்லை. அந்த நாய்க்கு நோய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசியுங்கள்.

உங்களுக்குக் கடி பட்டிருந்தால்

வெறிநாய்க்கடி நோய்க்கு ரேபிஸ் என்று பெயர். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம் நிச்சயம். அலோபதியிலும் மருந்து இல்லை, சித்தாவிலும் இல்லை. ஆனால் அறிகுறி வருவதற்கு முன்னால் தடுத்துவிடலாம். உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இதில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நம் நாட்டில். மனிதருக்கு இந்த நோய் வருவதில் 99 சதவீதம் நாய் மூலமாகத்தான்.

கிருமி எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் வெளிப்படும். சிலருக்குச் சீக்கிரமே வரும், சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் வரும். மூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் தடுப்பு சக்தியை உடம்பில் ஏற்றிவிட வேண்டும். அதுதான் ஊசியின் வேலை. தலை, முகம், கழுத்து, விரல் இவற்றில் பட்ட கடி அதிக ஆபத்து.

செய்ய வேண்டியது இதுதான். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நாம் 15 நிமிஷம் என்று நினைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிஷமாகத்தான் இருக்கும். பிறகு பொவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். கட்டுப் போட வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தம் வந்த கடி என்றால், ஊசியோடு சேர்த்துக் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். டெட்டனஸ் ஊசி பற்றியும் டாக்டர் சொல்வார். கையில் ஆழமாகக் கடித்திருந்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். அதையும் காட்டிவிட வேண்டும்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. நம் நாட்டில் அது நின்று 20 வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் தோலில் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வதும் உண்மைதான். எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோய்வாய்ப்பட்டுவிடும் என்பது அதன் கணக்கு. ஆனால் ‘பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கலாம்’ என்பது தவறு. ஊசியை முதல் நாளே ஆரம்பித்துவிட வேண்டும். பத்து நாளுக்குப் பிறகு நாய் நலமாக இருந்தால் மிச்ச ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார்.

பச்சிலை வேண்டாம்... சொல்வது சித்த வைத்தியர்!

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். ‘நஞ்சு நூலும் மருத்துவ நீதி நூலும்’ என்று எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. நாய்க்கடிக்கு ஊமத்தை முதலான மூலிகைகளைப் பயன்படுத்திய வழக்கம் கிராமங்களில் இருந்தது. அன்றைக்குத் தடுப்பூசி இல்லை. 1885-ல்தான் பிரான்ஸில் லூயி பாஸ்டர், கடிபட்ட ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டார். நம் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் வந்தது. வேறு வழி இல்லாத காலத்தில் இருந்ததைக் கொண்டு போராடினார்கள். வழி வந்த பிறகும் ஊமத்தையைத் தேடுவது முன்னோர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஊமத்தை அளவு தப்பினால் அதுவே விஷம்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி, வெற்றிலைச் சாறு எதையும் கடிவாயில் வைக்காதீர்கள். அவை காயத்தை எரிச்சலூட்டிக் கிருமியை ஆழத்துக்குத் தள்ளக் கூடும், கழுவுவதையும் தாமதமாக்கும். கடி ஆறும் சமயத்தில் உடம்பு தேற என்ன சாப்பிடலாம் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஊசிக்குப் பதிலாக ஏதாவது கொடுங்கள் என்று எந்த வைத்தியரையும் கேட்காதீர்கள். கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வெளியே சின்ன ஓட்டை, உள்ளே பெரிய கிழிசல்

இப்போது கடிபட்ட நாய்க்கு வருவோம். பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வும்போது பல்லால் குத்துவதோடு நிற்காது, பிடித்து உதறும். நாயின் தோல் தளர்வானது. பல்லோடு சேர்ந்து தோல் நகரும், அடியில் இருக்கும் சதையோ நார் நாராகக் கிழியும். வெளியே பார்த்தால் மிளகு அளவு ஓட்டை. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பை மாதிரி காயம். வாயிலிருந்த கிருமிகள் அந்தப் பைக்குள் உட்கார்ந்து கொள்ளும். இரண்டு, மூன்று நாளில் வீங்கிச் சீழ் கட்டும். நான் சொன்ன பொமரேனியனுக்கும் மூன்றாம் நாள் முதுகு வீங்கியது. அதற்குள் கால்நடை டாக்டர் பார்த்திருந்ததால், உடனே காயத்தைத் திறந்து சீழை எடுத்துப் பிழைக்க வைத்தார்.

மார்பில் கடி பட்டிருந்தால் நுரையீரலுக்குள் பல் இறங்கியிருக்கலாம். வயிற்றில் பட்டிருந்தால் குடல் பிதுங்கலாம். ஈறு வெளுத்திருப்பது, மூச்சு வாங்குவது, உடம்பு ஜில்லென்று ஆவது, எழுந்து நிற்க முடியாமல் போவது, இவையெல்லாம் அபாய அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். முதுகெலும்பில் அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பலகையிலோ கெட்டியான போர்வையிலோ படுக்க வைத்துத் தூக்குங்கள். வலியில் இருக்கும் நாய் கடிக்கும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் மட்டும் வாயைத் துணி நாடாவால் தளர்வாகக் கட்டலாம். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்குக் கட்டவே கூடாது.

காயத்தை வெறும் கையால் தொடாதீர்கள். அதில் கடித்த நாயின் எச்சில் இருக்கிறது. உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்து அதில் எச்சில் பட்டால், அதையும் கடி போலவே கருதி டாக்டரிடம் சொல்ல வேண்டும். கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக் கொள்ளுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் மூன்று எச்சரிக்கை. ஒன்று, நமக்குப் போடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமாலும் நாமாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு, புண்ணுக்குப் போடும் பச்சை எண்ணெய், அதாவது மத்தன் தைலம், பல வீடுகளில் இருக்கும். மனிதர் புண்ணுக்கு அருமையான மருந்து. ஆனால் அதில் ஊமத்தைச் சாறும் துருசும் சேர்கின்றன. நாய் காயத்தை நக்கும், இரண்டும் வயிற்றுக்குள் போய்விடும். மூன்று, திறந்த காயத்தில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு நெளியும். அதற்காக பினாயிலோ பெட்ரோலோ ஊற்றுகிறார்கள். அது கொடுமை மட்டுமல்ல, விஷமும்கூட. புழுவை எடுப்பது கால்நடை டாக்டரின் வேலை.

கடிபட்ட நாய்க்கும் வெறிநோய் வரலாம் என்பதை மறந்துவிடுகிறோம். முறையாகத் தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் உடனே ஒரு ஊசி போட வேண்டும். போடாத நாய் என்றால் வரிசையாகப் பல ஊசிகள் போட்டுப் பல மாதம் கண்காணிக்கச் சொல்வார்கள். தெரு நாய் கடித்து ஓடிவிட்டது என்றால் இன்னும் அவசரம்.

கடித்த நாய் உங்களுடையதாக இருந்தால்

‘உங்க நாயை ஏன் அந்தப் பக்கம் கொண்டு வந்தீங்க?’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் தடுப்பூசி கார்டை எடுத்துக் கொடுங்கள். அதுதான் அந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. அடுத்து, வைத்தியச் செலவை ஏற்றுக் கொள்கிறேன் என்று நீங்களாகச் சொல்லுங்கள். மாடி வீட்டம்மா மறுநாள் பில்லுக்கான பணத்தோடு கீழே இறங்கி வந்தார். இன்றைக்கு அந்த லாப்ரடார் வாய்க்கூடை போட்டுத்தான் படியிறங்குகிறது. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை தொடர்கிறது. கேட்ட பிறகு கொடுத்திருந்தால் இப்படி முடிந்திருக்காது.

சட்டமும் இருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் தகுந்த முன்னெச்சரிக்கை எடுக்காமல் இருந்தால், 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஒரு 5 வயதுக் குழந்தையைக் குதறிய சம்பவம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகுதான் நாய் லைசென்ஸ் என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் மார்ச்சில் 23 இன நாய்களைத் தடை செய்யும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தைப் பற்றிய விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைக் கேட்டால், பெரிய நாயின் கடி பெரிய கடி. ஆகவே அதை வளர்ப்பவரின் பொறுப்பும் பெரிது. அவ்வளவுதான்.

பொறுப்பான வளர்ப்பு: ஒரு பட்டியல்

* குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, டாக்டர் சொல்லும் நாளில் பூஸ்டர், பிறகு வருஷம் தவறாமல் ஒன்று. காலண்டரில் குறித்து வையுங்கள்.

* உங்கள் ஊர் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் விசாரித்து லைசென்ஸ் எடுத்து விடுங்கள்.

* வெளியே போகும்போது நாலைந்து அடி நீளமுள்ள உறுதியான கயிறு. நீண்டு சுருங்கும் கயிறு கூட்டத்துக்கு உதவாது. பிடிப்பவருக்கு நாயை நிறுத்தும் பலம் இருக்க வேண்டும்.

* முரட்டு நாய்க்கு வாய்க்கூடை. மூச்சு விடவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை போன்றதாக இருக்கட்டும்.

* லிப்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் அடுத்த தடவைக்குக் காத்திருங்கள்.

* கேட் தாழ்ப்பாளைத் தினமும் பாருங்கள். பால்காரர் வந்து போன பிறகு திறந்தே கிடக்கும் கேட்தான் பாதி சண்டைக்குக் காரணம்.

* தினமும் இரண்டு வேளை நடை. ஓடி விளையாடிக் களைத்த நாய்க்கு வம்பு குறையும்.

* இரண்டு நாய் இருந்தால் தட்டும் தனி, இடமும் தனி.

* நாய்ச் சண்டை நடத்தி வேடிக்கை பார்ப்பது மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டு இளைஞர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கருத்தடை செய்தால் சண்டைக் குணம் போய்விடுமா?

ஊர் சுற்றுவதும் பெண் நாய்க்காகச் சண்டை போடுவதும் குறையும். பயத்தால் வரும் கோபம் அதனால் மட்டும் போகாது, பழக்க வேண்டும்.

கடித்த நாயை அடித்துத் திருத்தலாமா?

கூடாது. எதிரே நாய் வந்தால் எனக்கு அடி விழும் என்றுதான் அதன் மனதில் பதியும். அடுத்த முறை இன்னும் வேகமாகப் பாயும்.

தெரு நாய்கள் எங்கள் நாயை வழிமறிக்கின்றனவே?

தினமும் ஒரே பாதையில், சாப்பாடு வைக்கும் நேரத்தில் போகாதீர்கள். ஒரு குடை கையில் இருக்கட்டும், சட்டென்று விரித்தால் நடுவில் ஒரு சுவர் கிடைக்கும். ஓடாமல் மெதுவாக விலகுங்கள். அந்தத் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாநகராட்சிக்குத் தெரிவியுங்கள். சென்னை புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்து வருகின்றன.

நாய் வளர்ப்பது நல்ல பழக்கம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைப் போல ஒரு துணை கிடையாது. ஆனால் குட்டியை வாங்கும் அன்றே அதன் பல்லுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கிறோம். இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நாயின் தடுப்பூசி கார்டைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். வருஷம் தாண்டியிருந்தால் நாளைக் காலையே கிளம்பிவிடுங்கள்.